முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு கூடை! தெரியுமா?

உலகத்தில் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் மொத்தம் எத்தனை கூடை விழுந்தது தெரியுமா? ஒன்று. ஒரே ஒன்று! பக்கத்துக்கு 9 பேர், ஆக 18 பேர் ஓடி, மோதி, விழுந்து எழுந்து வியர்த்துக் கொட்டியும், வில்லியம் சேஸ் என்ற மாணவர் நடுக்களத்திலிருந்து வீசிய ஒரு பந்துதான் உள்ளே இறங்கியது. ஆட்டம் 1-0 என்று முடிந்தது. இன்று அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் ஓர் அணி 100 புள்ளியைத் தாண்டாவிட்டால் ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள்!

நடந்த நாள் 1891 டிசம்பர் 21. இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர், அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே கடுங்குளிர். கால்பந்தும் பேஸ்பாலும் ஆட வழியில்லை. உள்ளே கூடத்தில் தண்டால், கட்டைச் சுற்று, வரிசை நடை என்று தினமும் அதே பயிற்சி. மாணவர்கள் கொதித்துப்போனார்கள். இரண்டு ஆசிரியர்கள் அந்த வகுப்பை மேய்க்க முடியாமல் கைவிட்டுவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் 30 வயது ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாக்காரர், 9 வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். துறைத் தலைவர் லூதர் குலிக் அவருக்குக் கொடுத்த கெடு எவ்வளவு தெரியுமா? 14 நாள்! அதற்குள் கூரைக்குக் கீழே ஆடக்கூடிய, அடிதடி இல்லாத, அலுக்காத புது விளையாட்டு ஒன்று வேண்டும்.

நாள்கள் ஓடின. கால்பந்தைக் கூடத்துக்குள் ஆடவைத்துப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடிகளுக்கு ஆபத்து. ரக்பியைச் சுருக்கிப் பார்த்தார். எலும்புக்கு ஆபத்து. எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் கைகொடுத்தது அவர் சிறுவயதில் கனடா கிராமத்தில் ஆடிய ஒரு கல் விளையாட்டு. நம்மூர்ப் பிள்ளைகள் ஏழு கல் ஆடுவதுபோல அங்கே ஒரு பாறைமேல் கல்லை வைத்து, தூரத்திலிருந்து இன்னொரு கல்லால் அடித்துத் தள்ளுவார்கள். வேகமாக வீசினால் குறி தப்பிக் கல் எங்கோ போய்விழும், அதை எடுக்க ஓடுவதற்குள் பிடிபட்டுவிடுவார்கள். மெதுவாக, மேலே தூக்கி, வளைவாகப் போட்டவனே கெட்டிக்காரன். நெய்ஸ்மித்துக்குப் பொறி தட்டியது அங்கேதான். கோலைத் தலைக்கு மேலே படுக்கவைத்தால் பலத்துக்கு வேலை இல்லை, நிதானத்துக்குத்தான் வேலை!

அந்த யோசனை எவ்வளவு ஆழமானது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புல்லரிக்கிறது. வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 24. வளையம் பந்தைப்போல கிட்டத்தட்ட இரண்டு பங்கு அகலம், எப்படிப் போட்டாலும் விழுமே என்று தோன்றும். ஆனால் பந்து தட்டையாக, 30 டிகிரிச் சாய்வில் வந்தால் அதற்குத் தெரியும் வாய் வெறும் இருபத்திரண்டரை சென்டிமீட்டர்தான்! பந்தைவிடச் சிறியது! வளையத்தில் இடிக்காமல் நுழையவே முடியாது. அதே பந்தை 45 டிகிரிச் சாய்வில் இறங்கும்படி உயர்த்திப் போட்டால் வாய் 32 சென்டிமீட்டராக விரிகிறது. பள்ளி மைதானத்தில் முதல் முறை பந்தைக் கையில் வாங்கும் பையன் நெஞ்சிலிருந்து நேராகத் தள்ளுவான், அது வளையத்தின் முன்விளிம்பில் ணங்கென்று மோதித் திரும்பி வரும். பின்னால் நிற்கும் விளையாட்டு ஆசிரியர் “தூக்கிப் போடுடா, தூக்கி!” என்று கத்துவார். முக்கோணவியல் முழுக்க அந்த ஒரு கத்தலில் இருக்கிறது.

சரி, வளையம் ஏன் 10 அடி உயரத்தில்? உடற்கூறு ஆராய்ச்சியா? மருத்துவர்கள் கூடி எடுத்த முடிவா? இல்லவே இல்லை! அந்தக் கூடத்தைச் சுற்றி இருந்த மாடித் தாழ்வாரத்தின் கைப்பிடி 10 அடியில் இருந்தது. அதில் ஆணி அடித்தார்கள், அவ்வளவுதான். நெய்ஸ்மித் கேட்டது இரண்டு பெட்டிகள். கட்டடக் காவலர் ஸ்டெபின்ஸிடம் பெட்டி இல்லை, பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகள் இருந்தன. 130 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, உலகம் முழுக்க மனிதர்கள் வளர்ந்துவிட்டார்கள், ஏழடி ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். வளையம் மட்டும் அந்தக் கைப்பிடியின் உயரத்திலேயே நிற்கிறது!

கூடைக்கு அடிப்பாகம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை பந்து விழுந்ததும் ஒருவர் ஏணி வைத்து ஏறி எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு வலை வந்தது, அதுவும் அடியில் மூடிய வலை. சங்கிலியை இழுத்தால் பந்து கீழே விழும். வலையின் அடியைத் திறந்துவிட்டால் பந்து தானே விழுமே என்ற யோசனை 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் விதிப்புத்தகத்தில் ஏறியது! வளையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகை எதற்காக வந்தது தெரியுமா? ஆட்டக்காரர்களுக்காக வரவில்லை. மாடியில் உட்கார்ந்த ரசிகர்கள் கையை நீட்டி எதிரணியின் பந்தைத் தட்டிவிட்டார்கள், தங்கள் அணியின் பந்தை உள்ளே தள்ளிவிட்டார்கள். அவர்களைத் தடுக்க வைத்ததுதான் பலகை!

இனி நமக்கு நெருக்கமான செய்தி. அந்த முதல் ஆட்டத்தின் 18 பேரில் ஒருவர் டங்கன் பேட்டன். கனடாக்காரர், ஓர் அணியின் தலைவர். கூடைப்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான், வருஷம் 1894! விளையாட்டு பிறந்து மூன்றே வருஷம்! அந்த 18 பேரில் கென்சபுரோ இஷிகாவா என்ற ஜப்பானியரும் இருந்தார், முதல் ஆட்டத்தைப் படமாக வரைந்தவர் அவர். படித்து முடித்தவர்கள் ஒவ்வொரு திசையில் போனார்கள், போன இடமெல்லாம் விளையாட்டும் போனது. பிரான்சுக்கு 1893, சீனாவுக்கு 1890-களில். விளம்பரம் இல்லை, வானொலிகூட இல்லாத காலம். ஒரு வகுப்பறை மாணவர்களின் கால்நடையாகவே ஒரு விளையாட்டு உலகத்தைச் சுற்றிவிட்டது.

கல்லூரிகளுக்குள் அது புகுந்த கதை இன்னும் சுவை. கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே முதல் கூடைப்பந்து ஆட்டம் 1895 பிப்ரவரி 9-ஆம் தேதி மின்னசோட்டா மாநிலத்தில் நடந்தது. ஹேம்லின் கல்லூரியும் அங்கிருந்த வேளாண்மைப் பள்ளியும் மோதின. ஹேம்லினுக்கு விளையாட்டைக் கொண்டுபோனவர் ரே கெய்ன், அவரும் முதல் 18 பேரில் ஒருவரே! ஆடிய இடம் அறிவியல் கட்டடத்தின் கீழ்த்தளம், தலையை இடிக்கும் தாழ்ந்த கூரை. இந்தக் கூரைக்குக் கீழே பந்தை எப்படித் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே வியப்பு. வென்றது வேளாண்மைப் பள்ளி, 9-3. விவசாயம் படிக்க வந்த பிள்ளைகள்தான் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் வெற்றியாளர்கள் என்பது எங்களைப்போலப் பாலாற்றுப் படுகையில் நெல்லும் கரும்பும் போடுகிறவர்களுக்குத் தனி மகிழ்ச்சி!

பெண்கள்? அவர்கள் காத்திருக்கவே இல்லை! விளையாட்டு பிறந்த சில வாரங்களிலேயே ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவியருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். 1893 மார்ச்சில் அங்கே முதல் வருஷ மாணவியரும் இரண்டாம் வருஷ மாணவியரும் மோதினார்கள். ஆண்களுக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. 1896 ஏப்ரல் 4-ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டு மாணவியரும் பெர்க்லி மாணவியரும் சான் பிரான்சிஸ்கோவில் ஆடினார்கள், ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று வென்றது. ஆண்கள் பக்கத்துக்கு ஐவராக ஆடிய, பேர்பெற்ற யேல்–பென்சில்வேனியா கல்லூரி ஆட்டம் நடந்ததோ 1897 மார்ச்சில்தான். அந்த ஆட்டத்தைப் பெண்கள் ஒரு வருஷம் முந்திவிட்டார்கள்! நெய்ஸ்மித் மணந்துகொண்ட மாட் ஷெர்மன் யார் தெரியுமா? ஸ்பிரிங்ஃபீல்டில் முதன்முதலாக இந்த விளையாட்டை ஆடிய பெண்களில் ஒருவர்!

இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில் ஒரு கல்லூரி அணி ஒரு பருவம் முழுக்க எப்படி ஆடியது என்று பார்த்தால் கண்ணைக் கட்டுகிறது. ஒவ்வொரு கூடை விழுந்ததும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோய் மேலே தூக்கிப் போட்டு மறுபடி தொடங்க வேண்டும். இந்த விதி 1937 வரை நீடித்தது! எதிரணி தப்பாட்டம் ஆடினால் கிடைக்கும் தண்ட வீச்சை யார் வேண்டுமானாலும் போடலாம். அணியில் குறி பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் எல்லா வீச்சையும் அவரே போட்டுவிடுவார். சில ஊர்களில் களத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்துவிடுவார்கள், ஆட்டக்காரர்கள் கூண்டுக்குள் ஆடுவார்கள். பந்தோ தோலால் தைத்து, ஷூவைப்போல நாடா போட்டு இறுக்கியது. தரையில் தட்டும்போது நாடா பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட பருவங்களில் ஒன்று கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு 1898–99. பயிற்சியாளர் வேறு யாரும் இல்லை, நெய்ஸ்மித்தேதான்! அதற்குள் அவர் மருத்துவப் பட்டமும் வாங்கிவிட்டார். உள்ளரங்கம் கிடையாது, ஊரிலிருந்த சறுக்கு விளையாட்டுக் கூடத்தில் ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் கான்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ.விடம் 16-5 என்று தோல்வி. பிறகு சுதாரித்துப் பருவத்தை 7 வெற்றி, 4 தோல்வியோடு முடித்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் வியப்பின் உச்சம். 1907 வரை நெய்ஸ்மித் அங்கே பயிற்சியாளர். மொத்தக் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே வெற்றியைவிடத் தோல்வி அதிகமான ஒரே பயிற்சியாளர் யார் என்றால், விளையாட்டைக் கண்டுபிடித்தவர்! அவருக்கு அதில் வருத்தமே இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் ஓடியாடி உடம்பும் குணமும் தேறினால் போதும் என்று நினைத்த மனிதர். காப்புரிமை வாங்கவில்லை, காசு பார்க்கவில்லை. அவர் எழுதிய 13 விதிகளின் மூலத்தாள் 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது 43 லட்சம் டாலருக்குப் போனது!

1904-இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒலிம்பிக் நடந்தது. கூடைப்பந்து அங்கே காட்சிப் போட்டியாகத்தான் இருந்தது, ஆனால் கல்லூரிகளுக்கென்று தனிப்பிரிவு ஒன்று வைத்தார்கள். வந்தவை மூன்றே கல்லூரிகள். ஒஹையோ மாநிலத்தின் சின்னஞ்சிறு ஹிராம் கல்லூரி மற்ற இரண்டையும் வீழ்த்திவிட்டது. அதே ஊரில் அதே வருஷம் உலகக் கண்காட்சியும் நடந்தது. மொன்டானா மாநிலத்தின் ஃபோர்ட் ஷா உறைவிடப் பள்ளியிலிருந்து செவ்விந்தியப் பெண்கள் வந்திருந்தார்கள். தாய்மொழியும் உடையும் பறிக்கப்பட்டு, வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்டு வளர்ந்த பெண்கள். மாதக்கணக்காக அங்கேயே தங்கி ஆடினார்கள், செயின்ட் லூயிஸின் பொறுக்கியெடுத்த பெண்கள் அணியையும் தோற்கடித்தார்கள். கல்லூரிக் கோப்பைகளைவிட இந்தப் பெண்களின் அந்த ஒரு கோடைக்காலம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது சென்னைக்கு வருவோம். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே செந்நிறக் கல்லில் நிற்கும் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். பாரிமுனையில் பஸ் மாறுகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்காது. அமைப்பு 1890-இல் தொடங்கியது, கட்டடம் 1900-இல் திறக்கப்பட்டது. 1919-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து இறங்கினார். எங்கே படித்தவர் தெரியுமா? ஸ்பிரிங்ஃபீல்டில்! நெய்ஸ்மித் கூடை மாட்டிய அதே பள்ளியில்! மறு வருஷமே, 1920-இல், உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். ஆசியாவிலேயே இந்த வகையில் அதுதான் முதல் என்று சொல்வார்கள். முதல் வகுப்பில் எத்தனை மாணவர்கள் தெரியுமா? 5 பேர்! ஒரு கூடைப்பந்து அணிக்குச் சரியாகப் போதும், மாற்று ஆளுக்கு ஒருவர்கூட இல்லை!

அந்த 5 பேரிலிருந்து வளர்ந்ததுதான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. சமீப வருஷங்களில் புத்தகக் கண்காட்சிக்காக நாம் கூட்டம் கூட்டமாகப் போகிறோமே, அதே மைதானம்! 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி போனபோது உடன் போனவர் பக். அவர் நிரந்தரமாக ஊர் திரும்பவே இல்லை. 1943-இல் சென்னையிலேயே இறந்தார், இங்கேயே அடக்கம். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு அவரும் அவர் மாணவர்களும் செய்த வேலை என்ன? விளையாட்டு ஆசிரியர் என்ற ஒரு மனிதரை நம் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. கழுத்தில் விசில், கையில் சுண்ணாம்புத் தூள் சட்டி. ஆணியில் கயிற்றைக் கட்டி, 1.8 மீட்டர் அளந்து, குனிந்தபடியே வட்டம் போடுவாரே, அவர்! அவர் இழுக்கும் கோட்டின் அளவுகள் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கைமாறிக் கைமாறி நந்தனம் வழியாக நம்மூருக்கு வந்தவை. நம் கிராமங்களில் சாயங்காலம் வலை கட்டி ஆடும் வாலிபாலும் அதே வழியில் வந்ததுதான். அது பிறந்த ஹோலியோக் நகரம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பத்து மைலுக்குள்ளே இருக்கிறது, பிறந்த வருஷம் 1895!

வெளிநாட்டுச் சரக்குதானே, நம் மண்ணில் கல்லூரிக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி வைத்திருக்கிறேன். எங்கள் பழையசீவரம், செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கும் ஊர். பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் மலை எங்களுடையது. மலையிலிருந்து பார்த்தால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் தெரியும். அக்கரையில் திருமுக்கூடல் பெருமாள் கோயில். அந்தக் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வரி வரியாக, நீளமாக. 11-ஆம் நூற்றாண்டு! அதில் என்ன இருக்கிறது தெரியுமா? கோயிலுக்குள் நடந்த ஒரு கல்லூரி, மாணவர்கள் தங்கிச் சாப்பிட விடுதி, அதோடு சேர்த்து ஓர் ஆதுலர் சாலை!

ஆதுலர் சாலை என்றால் ஆஸ்பத்திரி. அதற்கு ‘வீரசோழன்’ என்று பேர். 15 படுக்கை! ஒரு மருத்துவர், அறுவை சிகிச்சைக்குத் தனியாக ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் கூலி குறித்திருக்கிறது. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி என்று இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் வெட்டியிருக்கிறது. விடுதி மாணவர்களுக்குப் படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய்! பிள்ளைகளின் எண்ணெய்க் குளியலுக்குச் செலவு ஒதுக்கி, அதையும் கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்கும் பிள்ளையின் உடம்பைப் பார்த்துக்கொள்வது கல்லூரியின் கடமை என்பது எங்கள் ஆற்றங்கரையில் 900 வருஷத்துக்கு முன்பே கல்வெட்டான சட்டம். பக் துரை வந்து சொன்னபோது இந்த மண்ணுக்கு அது புதிய பாடமாக இருந்திருக்காது.

மறுபடி கூடைப்பந்துக்கு வருவோம். 1934-இல் டெல்லியில் ஆண்களுக்கான முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முழுப் போட்டியானது. வயதான நெய்ஸ்மித்தை அங்கே அனுப்பி வைக்க அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சில்லறை சில்லறையாகப் பணம் திரட்டினார்கள். இறுதி ஆட்டம் திறந்தவெளி மண்தரையில், கொட்டும் மழையில்! பந்தைத் தட்டினால் சேற்றில் சொத்தென்று உட்கார்ந்துவிடும். அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாடும் வாழவந்த நாடும் மோதியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த நெய்ஸ்மித் 1939-இல் காலமானார். இந்தியா ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஆடியது இதுவரை ஒரே ஒரு தடவை, 1980 மாஸ்கோவில்.

ஆனால் நம்மிடம் அனிதா பால்துரை இருக்கிறார்! சென்னைப் பெண். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி! 2021-இல் பத்மஸ்ரீ! அவரைப் போன்றவர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. எங்கோ ஒரு பள்ளியில், ஒரு பி.டி. பீரியடில், ஒரு ஆசிரியர் பந்தைக் கையில் கொடுத்துத் தூக்கிப் போடச் சொல்லியிருந்தால்தான் வருவார்கள்.

அந்தப் பீரியடுக்குத்தான் இப்போது ஆபத்து. காஞ்சிபுரம் மாவட்டம் என்றில்லை, எங்கே போனாலும் பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. மைதானத்தில் வளையம் இருக்கிறது, வலை இல்லை. வலை இல்லாத வளையத்தில் பந்து விழுந்ததா, பக்கவாட்டில் போனதா என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். ஒரு ஜோடி வலையின் விலை சில நூறு ரூபாய். பெரிய அரங்கமோ மரத்தரையோ யாரும் கேட்கவில்லை. உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்து எப்போது நடக்கிறது என்று விசாரியுங்கள். போய் உட்காருங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: பி.டி. பீரியட் வாரத்தில் எத்தனை, அதில் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தது எத்தனை? பதில் சரியாக இல்லையென்றால் கேட்பதை நிறுத்தாதீர்கள். வரும்போது கையோடு ஒரு ஜோடி வலையும் வாங்கி வாருங்கள்.